‘ஒரு ஆள் வேண்டும்’ என்று மட்டும் கேட்காதீர்கள்

பக்கவாதம் வந்த அப்பாவை மறுநாள் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்த மாலை, வார்டுக்கு வெளியே நின்றுகொண்டே ஒரு ஏஜென்சிக்குப் போன் போட்டேன். "அப்பாவைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும்" என்றேன். "என்னென்ன செய்யணும்?" என்று கேட்டார்கள். "எல்லாமேதான்." "எத்தனை மணி நேரம்?" "நாள் முழுக்க." மறுநாள் காலையில் ஒருவர் பையோடு வந்து நின்றார், நான்காம் நாள் போய்விட்டார். அடுத்து வந்தவர் பத்து நாள் இருந்தார். மூன்றாமவரை அப்பாவே விரட்டினார். பேச்சு வராத மனிதர், இடது கையால் தண்ணீர்க் குவளையைத் தள்ளிவிட்டு விரட்டினார்.

நல்ல ஆள் கிடைக்கவில்லை என்று அப்போது எல்லாரிடமும் புலம்பினேன். இன்று யோசித்தால், வந்த மூன்று பேரில் இரண்டு பேர் நன்றாகவே வேலை தெரிந்தவர்கள். எங்களுக்குத்தான் என்ன வேண்டும் என்று தெரியவில்லை. வீட்டில் ஒருவருக்கு அன்றாட உதவி தேவைப்பட்டு, வெளியிலிருந்து ஆள் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு, நாங்கள் மூன்று வருடத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

எங்களை வழிக்குக் கொண்டுவந்தது வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட்தான். ஒரு தாளை எடுத்து ஆறு வார்த்தைகள் எழுதினார்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்க முடிவது, சாப்பிடுவது. ஒவ்வொன்றுக்கும் நேராக, அப்பாவே செய்கிறாரா, பக்கத்தில் ஒருவர் நின்றால் போதுமா, கை கொடுக்க வேண்டுமா, முழுக்கவும் நாம்தான் செய்ய வேண்டுமா என்று எழுதச் சொன்னார். அது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்தது இல்லை என்று பிறகு தெரிந்தது. சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1963-இல் வெளியிட்ட அளவுகோல் அது, இன்றும் பல இடங்களில் இதை வைத்துத்தான் ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவை என்று கணக்குப் போடுகிறார்கள். இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பட்டியலும் உண்டு, 1969-இல் லாட்டனும் பிராடியும் கொடுத்தது. போன் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைப் பார்த்துக்கொள்வது, துணி துவைப்பது, வெளியே போய்வருவது, மருந்தைச் சரியாக எடுத்துக்கொள்வது, பணத்தைக் கையாள்வது என்று எட்டு விஷயங்கள். முதல் பட்டியல் உடம்பு சம்பந்தப்பட்டது, இரண்டாவது ஒருவர் தனியாக வீட்டை நடத்த முடியுமா என்பதைப் பற்றியது.

அந்தத் தாளை நிரப்ப எங்களுக்கு மூன்று நாள் ஆனது. உட்கார்ந்து பார்க்காமல் நிரப்ப முடியாது. அம்மா "சாப்பாடு ஊட்டணும்" என்றார், அக்கா "இல்லை, தட்டு நகராமல் பிடித்துக்கொண்டால் அவரே இடது கையால் எடுக்கிறார்" என்றாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே மனிதரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடியில் ஒட்டிக்கொள்ளும் விரிப்பு ஒன்றும் விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்றும் வாங்கியதும் ஊட்டும் வேலையே போய்விட்டது. கடைசியில் தாளைப் பார்த்தபோது, அப்பாவுக்கு ‘எல்லாம்’ தேவைப்படவில்லை. காலையில் எழுந்து குளித்து உடுத்தும் ஒன்றரை மணி நேரம், ஒவ்வொரு முறை இடம் மாறும்போது, கழிப்பறைக்குப் போகும்போது, அப்புறம் இரவு. மற்ற நேரங்களில் கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருந்தால் போதும். இது தெரிந்த பிறகுதான் எத்தனை மணி நேரத்துக்கு, எந்த மாதிரி ஆள் என்ற கேள்விக்கே பதில் வந்தது.

‘எந்த மாதிரி ஆள்’ என்பதில் நாங்கள் செய்த தவறு பெரியது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் வந்து செய்யும் சேவை என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறார்கள், ஆனால் உள்ளே வேறு வேறு வேலைகள் இருக்கின்றன. ஊசி போடுவது, புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவது, சிறுநீர்க் குழாயை மாற்றுவது, மூக்குவழிக் குழாயைப் பார்ப்பது, இதெல்லாம் நர்ஸ் வேலை. டாக்டர் சொன்னதன்படி, பெரும்பாலும் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் வந்து செய்துவிட்டுப் போவார்கள். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, விழுங்கும் பயிற்சி எல்லாம் தனித்தனி ஆட்கள். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, நடத்திக் கூட்டிப்போவது, டயப்பர் மாற்றுவது போன்றவை பராமரிப்பு உதவியாளரின் வேலை. பேச்சுத்துணைக்கு இருப்பது, வீட்டைச் சுத்தம் செய்வது, சமைப்பது இன்னொரு வகை. எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாவது ஆளிடம் அப்பாவின் சிறுநீர்க் குழாயைக் கழற்றி மாற்றச் சொன்னேன். "அது என் வேலை இல்லை, எனக்கு அது தெரியாது" என்றார். சோம்பேறி என்று நினைத்தேன். அவர் செய்ததுதான் சரி. தெரியாத ஒருவர் அதைச் செய்திருந்தால் உள்ளே காயமாகி, தொற்று வந்து, மறுபடி மருத்துவமனைக்குத்தான் போயிருப்போம். அவர் செய்ய வேண்டியது பையைச் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்கவிடுவது, தரையில் படாமல் வைப்பது, நிரம்பி வழிவதற்கு முன்பே காலி செய்வது, குழாய் மடங்காமல் பார்ப்பது, நிறம் மாறினால் எங்களிடம் சொல்வது. அதை அவர் ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருந்தார், நான் கவனிக்கவே இல்லை.

மருந்து விஷயத்திலும் அப்படித்தான். எடுத்துக் கொடுப்பதும் நினைவுபடுத்துவதும் ஒன்று, ‘இன்னைக்கு பிரஷர் அதிகமா இருக்கு, இன்னொன்று கொடுங்க’ என்று முடிவெடுக்கச் சொல்வது வேறு. இரண்டாவதை உதவியாளரிடம் ஒருபோதும் விடக் கூடாது. யார் எதைச் செய்யலாம் என்ற விதி இடத்துக்கு இடம் மாறும், அதனால் ஆரம்பத்திலேயே ஏஜென்சியிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அப்புறம் அந்த ‘நாள் முழுக்க’. முதல் ஆள் ஏன் நான்காம் நாள் போனார் தெரியுமா? அப்பா இரவில் நான்கு முறை எழுந்தார். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம். பகலில் அவர் நாற்காலியிலேயே கண் அசந்ததைப் பார்த்து அம்மா என்னிடம் குறை சொன்னார், நானும் அவரைக் கேட்டேன், அவர் பதில் பேசவில்லை, மறுநாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. வீட்டோடு தங்கி வேலை செய்பவர் என்றால் அவருக்குத் தொடர்ந்து தூங்க நேரம், படுக்க இடம், தனியாகச் சாப்பிட ஓய்வு எல்லாம் உண்டு. இரவிலும் விழித்திருந்து கவனிக்க வேண்டும் என்றால் அது இரண்டு ஷிப்ட் ஆட்கள், சில வீடுகளில் மூன்று. ஒரே மனிதரிடம் 24 மணி நேரத்தையும் எதிர்பார்த்தால், தூக்கம் கெட்ட ஒருவர் அதிகாலையில் உங்கள் அப்பாவைத் தூக்கி நிறுத்துவார், இரண்டு பேரும் விழுவார்கள். நாங்கள் கடைசியில் பகல் 12 மணி நேரத்துக்கு ஆள் வைத்துக்கொண்டு, இரவை அக்காவும் நானும் முறை வைத்துப் பார்த்தோம். படுக்கைப் பக்கத்தில் சிறுநீர் பிடிக்கும் பாட்டில், இடது கைக்கு எட்டும்படி ஒரு அழைப்பு மணி, தரையோடு ஒட்டி ஒரு சின்ன விளக்கு, டாக்டரிடம் கேட்டு நீர்மாத்திரையைக் காலை நேரத்துக்கு மாற்றியது, இவ்வளவும் சேர்ந்து நான்கு முறை என்பது ஒரு முறையாகக் குறைந்தது. இதையெல்லாம் முதலிலேயே செய்திருந்தால் அந்த நல்ல மனிதரை இழந்திருக்க மாட்டோம்.

அடுத்து நடந்தது இதைவிட மோசம். வழக்கமாக வருபவர் விடுப்பில் போன ஒரு நாள், ஏஜென்சி மாற்று ஆள் அனுப்பியது. அவருக்கு அப்பாவைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, அவசரமாக வேலைக்குக் கிளம்பிவிட்டேன். அவர் அப்பாவைச் சாய்ந்த நிலையில் படுக்க வைத்தபடியே சாப்பாடு கொடுத்திருக்கிறார், தண்ணீரையும் அப்படியே. மூன்றாம் நாள் காய்ச்சல், மூச்சு வாங்கியது, நிமோனியா. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்கும் தசைகள் சரியாக வேலை செய்யாது. உணவும் நீரும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், சிலருக்கு இருமல்கூட வராமல் போகும் என்பதுதான் இதில் பயங்கரம். அப்பாவுக்கு விழுங்கும் பரிசோதனை செய்து, தண்ணீரை அதற்கான பொடி கலந்து கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். நேராக நிமிர்ந்து உட்கார வைத்து, சின்னச் சின்ன வாயாக, ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்தது, முடிந்ததும் குறைந்தது அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். உணர்ச்சி குறைந்த பக்கத்துக் கன்னத்தில் உணவு தங்கிவிடும், அதை எடுத்து வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். இவ்வளவும் எங்கள் தலைக்குள் இருந்தது. எழுத்தில் எங்கேயும் இல்லை.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினேன். இந்த நோட்டுதான் எங்கள் வீட்டில் நடந்த மாற்றங்களிலேயே பெரியது. முதல் பக்கத்தில் அப்பாவைப் பற்றி: என்ன நோய்கள், எந்தப் பக்கம் பலவீனம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எப்படி உட்கார வைத்துச் சாப்பாடு, தண்ணீர் எவ்வளவு கெட்டி, கண்ணாடி எங்கே, காது கேட்கும் கருவி எந்தக் காதில், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், எந்த வரிசையில். அடுத்த பக்கங்களில் நாள் கணக்கு: எவ்வளவு சாப்பிட்டார், எவ்வளவு நீர், மலம் போனாரா, தோலில் ஏதாவது சிவப்பு, தூக்கம், மனநிலை. ஷிப்ட் மாறும்போது வருபவரும் போகிறவரும் பத்து நிமிடம் சேர்ந்து நின்று அதைப் படிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். ஒருமுறை அப்பா திடீரென்று குழம்பிப் போனார், அம்மாவையே அடையாளம் தெரியாதவர் மாதிரி பார்த்தார். மறுபடியும் பக்கவாதமோ என்று பயந்து ஓடினோம். திடீர்க் குழப்பம் என்றால் அப்படித்தான் ஓட வேண்டும், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு, மூன்று நாளாகத் தண்ணீர் குறைந்திருப்பதையும் சிறுநீர் கலங்கலாக இருந்ததாக எழுதியிருப்பதையும் காட்டினார். பரிசோதித்ததில் சிறுநீர்த் தொற்று. வயதானவர்களுக்குத் தொற்று பல நேரம் காய்ச்சலாக வராது, குழப்பமாக வரும். நோட்டு இல்லையென்றால் அந்த மூன்று நாளை யாரும் கோத்துப் பார்த்திருக்க மாட்டோம்.

தூக்குவது, நகர்த்துவது பற்றி. உதவியாளரை வேலைக்கு வைக்கும்போது அவர் சான்றிதழைப் பார்ப்பதைவிட, ஒருமுறை படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றச் சொல்லிப் பாருங்கள். தெரிந்தவர் முதலில் நாற்காலியின் சக்கரத்தைப் பூட்டுவார், அதை நோயாளியின் பலமான பக்கத்தில் போடுவார், அவரைக் கட்டில் ஓரத்தில் ஓரிரு நிமிடம் உட்கார வைத்துத் தலைச்சுற்றல் இருக்கிறதா என்று கேட்பார், என்ன செய்யப்போகிறோம் என்று சொல்வார், பிறகு முழங்காலை மடக்கி, நோயாளியின் இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடித்து எழுப்புவார். தெரியாதவர் அக்குளில் கை போட்டு இழுப்பார். எங்கள் வீட்டுக்கு இரண்டாவதாக வந்தவர் அப்படித்தான் இழுத்தார், அப்பாவின் வலது தோள் பிசகி மாதக்கணக்கில் வலித்தது. செயலிழந்த கையைத் தாங்கிப் பிடிக்கத் தசைகளுக்குப் பலம் இல்லை, இழுத்தால் மூட்டு நழுவும். இதை எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை, நானே எத்தனை முறை அந்தக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது பலமான கையிலிருந்து முதலில் எடுக்க வேண்டும். நடக்கும்போது உதவுபவர் பலவீனமான பக்கத்தில் நிற்க வேண்டும். கேட்கச் சின்ன விஷயங்கள்தான். ஒரு நாளைக்கு இருபது முறை நடப்பவை.

தோலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். படுத்தே இருப்பவர்களுக்கு முதுகின் அடிப்பகுதி, இடுப்பு எலும்பு, குதிகால், கணுக்கால், தோள்பட்டை, பின்னந்தலை ஆகிய இடங்களைத் தினமும் பார்க்க வேண்டும், குளிக்கும் நேரம் அதற்கு நல்ல நேரம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும், வெளுக்கவில்லை என்றால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கறுத்த தோலில் சிவப்பே தெரியாது, அங்கே சூடு, கடினம், வலி இவற்றைத்தான் பார்க்க வேண்டும். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வார்கள், ஆளைப் பொறுத்து டாக்டரோ நர்ஸோ இதை மாற்றிச் சொல்லலாம். ஏர் பெட் வாங்கிவிட்டோம், இனி திருப்ப வேண்டாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர், நாங்களும் நினைத்தோம். அது உதவும், ஆனால் திருப்புவதற்கு மாற்று கிடையாது. சிவந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்யாதீர்கள், நடுவில் ஓட்டை போட்ட வளைய மெத்தையும் வேண்டாம், இரண்டும் கெடுதல்தான்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவது. அப்பாவுக்கு வலது பக்கம் செயலிழந்தது, கூடவே பேச்சும் போனது. ஆனால் மற்றவர்கள் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. இது எங்களுக்கே உறைக்கப் பல வாரம் ஆனது. வந்த ஆட்களிடம் அவர் தலைக்கு மேலேயே, "அவருக்கு ஒண்ணும் தெரியாது, நீங்க பார்த்துக்கங்க" என்று சொல்லியிருக்கிறேன். அவர் முன்னால் அவர் மலச்சிக்கலைப் பற்றி உறவினர்களோடு பேசியிருக்கிறோம். மூன்றாவது ஆளை அவர் விரட்டியது ஏன் என்று பிறகு பேச்சுப் பயிற்சியாளர் கண்டுபிடித்தார். ஆம், இல்லை என்று பதில் வரும்படி ஒவ்வொன்றாகக் கேட்டார். தண்ணீர் சூடாக இருந்ததா? இல்லை. வலித்ததா? இல்லை. கதவைத் திறந்து வைத்துக் குளிப்பாட்டினாரா? அப்பா தலையை ஆட்டினார், கண் கலங்கிவிட்டது. வழுக்கி விழுந்தால் கூப்பிட வசதியாக இருக்கட்டும் என்று கதவைத் திறந்து வைக்கச் சொன்னது நான்தான். அதற்குப் பிறகு கதவைச் சாத்திவிட்டு, உடம்பில் ஒரு துண்டைப் போர்த்தியபடியே பகுதி பகுதியாகக் கழுவச் சொன்னோம். கைக்கு எட்டும் இடத்தை அவரே கழுவிக்கொண்டார். சண்டை நின்றது.

அதனால் ஆள் தேர்ந்தெடுக்கும்போது நோயாளியையும் உட்கார வையுங்கள். வருபவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்று கவனியுங்கள். நான்காவதாக வந்த தம்பி என்னைப் பார்க்கவே இல்லை, நேராக அப்பாவின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, "ஐயா, காலையில எழுந்ததும் உங்களுக்கு முதல்ல முகம் கழுவணுமா, இல்ல கொஞ்ச நேரம் உட்காரணுமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருந்தார். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. நான் வாயைத் திறக்கப் போனேன், கையைக் காட்டி நிறுத்தினார். அவர்தான் இன்று வரை எங்களோடு இருக்கிறார்.

ஏஜென்சியிடம் என்ன கேட்க வேண்டும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அடையாளம், முன்பு வேலை செய்த இடம், குற்றப் பின்னணி ஆகியவற்றை யார் சரிபார்த்தது, எப்போது? வருபவர் விடுப்பு எடுத்தால் எவ்வளவு நேரத்தில் மாற்று ஆள், அவருக்கு அப்பாவைப் பற்றி யார் சொல்வார்? மேற்பார்வைக்கு நர்ஸ் வருவாரா, எத்தனை நாளுக்கு ஒருமுறை? நாம் கட்டுவதில் வேலை செய்பவர் கைக்கு எவ்வளவு போகிறது? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பலர் பதில் சொல்ல மாட்டார்கள், இருந்தாலும் கேளுங்கள், குறைவாக வாங்குபவர் சீக்கிரம் போய்விடுவார், அதன் பாதிப்பு நம் வீட்டுக்குத்தான். ஏஜென்சி இல்லாமல் நேராக ஆள் வைத்தால் செலவு குறையலாம், ஆனால் முதலாளி நீங்கள்தான். சம்பளம், விடுப்பு, வேலையில் அடிபட்டால் பொறுப்பு, திடீரென்று அவர் வராத நாள், எல்லாம் உங்கள் தலையில். சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்துவிட்டு இறங்குங்கள். எப்படி வைத்தாலும் வேலைகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘கூடமாட உதவி’ என்று எழுதினால் இரண்டாம் மாதம் குடும்பத்துக்கே துணி துவைத்துக்கொண்டிருப்பார், அந்த நேரத்தில் அப்பா தனியாக இருப்பார்.

பணம், நகை, வங்கி அட்டை இவற்றைப் பூட்டி வையுங்கள். இது யாரையும் சந்தேகப்படுவதற்காக இல்லை, ஏதாவது காணாமல் போனால் முதல் பழி அந்த மனிதர் மேல்தான் விழும், அவரை அதிலிருந்து காப்பாற்றத்தான். கேமரா வைப்பதாக இருந்தால் வேலை செய்பவரிடமும் அப்பாவிடமும் சொல்லிவிட்டு, கூடத்தில் மட்டும். குளிக்கும் இடத்திலும் உடை மாற்றும் இடத்திலும் வேண்டாம். அதே சமயம் கண்ணை மூடிக்கொண்டும் இருக்காதீர்கள். மேல் கையில் விரல் பதிந்த மாதிரி கன்றல், ஒருவர் வரும்போது மட்டும் நோயாளி ஒடுங்கிப்போவது, எடை குறைவது, எப்போதும் ஈர டயப்பர், நம்மைத் தனியாக அவரோடு பேசவிடாதது, இதில் எதைப் பார்த்தாலும் அன்றே கேளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் வேறு நேரத்தில் வீட்டுக்கு வருவதும் நல்லது.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆள் வந்த பிறகு அம்மா ஓய்வெடுப்பார் என்று நினைத்தோம். அவர் அந்தத் தம்பியின் பின்னாலேயே நடந்தார், தண்ணீர் சூட்டைப் பார்த்தார், துண்டை மாற்றினார், இரவில் விழித்துக்கொண்டு கிடந்தார். ஆறு மாதத்தில் அவருக்கும் ரத்த அழுத்தம். வெளியாள் தன் கணவரைத் தொடுவதே தன் தோல்வி என்று அவர் நினைத்திருக்கிறார், ஒரு நாள் அக்காவிடம் அழுதுகொண்டே சொன்னார். பராமரிக்கும் குடும்பத்தினரின் சுமையை அளக்கவே ஸாரிட் என்பவர் 1980-இல் தன் குழுவோடு சேர்ந்து ஒரு கேள்வித்தாளை உருவாக்கியிருக்கிறார், அப்படி ஒன்று இருக்கிறது என்று டாக்டர் சொன்னதே அம்மாவுக்குப் பாதி ஆறுதல், இது தனக்கு மட்டும் நடப்பதில்லை என்று. பிறகு வேலைகளைப் பிரித்தோம். குளிப்பதும் கழிப்பறையும் தம்பி. மாலையில் அப்பாவுக்குச் செய்தி படித்துக் காட்டுவது அம்மா மட்டும், அந்த நேரத்தில் வேறு யாரும் அறைக்குள் போகக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் அம்மா வீட்டிலேயே இருக்கக் கூடாது என்றும் ஒரு விதி வைத்தோம், முதல் மாதம் கோபப்பட்டார், இப்போது அவரே கிளம்பிவிடுகிறார்.

உதவி அதிகமாகிவிடும் ஆபத்தும் உண்டு. அப்பா இரண்டு பொத்தான் போட ஆறு நிமிடம் எடுப்பார், நாம் போட்டால் பத்து நொடி. நாமே போட்டுக்கொண்டிருந்தால் சில வாரங்களில் அவருக்கு அது மறந்துபோகும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த ஆறு வார்த்தைத் தாளைப் புதிதாக நிரப்புகிறோம். சில வரிகளில் முன்னேற்றம், சிலவற்றில் பின்னடைவு. போன முறை ‘கழிப்பறைக்குப் போவது’ என்பதற்கு நேராக, பக்கத்தில் நின்றால் போதும் என்று எழுதினோம்.

தம்பி அடுத்த வாரத்தோடு போகிறார், அவருடைய அம்மாவைப் பார்த்துக்கொள்ள. புதியவர் திங்கட்கிழமை வருகிறார், இரண்டு நாள் இருவரும் சேர்ந்தே இருப்பார்கள், அந்த இரண்டு நாளுக்கு இரட்டைச் சம்பளம் ஆனாலும் பரவாயில்லை என்று முடிவு செய்தோம். நேற்று இரவு நோட்டின் முதல் பக்கத்தைத் திருத்தி எழுத உட்கார்ந்தேன், அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். சாப்பாடு, சரி. நடை, சரி. ‘மதியம் 2 முதல் 3 வரை தூக்கம்’ என்று படித்ததும் கையை நீட்டிப் பேனாவைக் கேட்டார். இடது கையால் அந்த வரியின் மேல் கோணலாக ஒரு கோடு போட்டார். "தூங்க வேண்டாமாப்பா?" என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "எப்பவுமே பிடிக்கலையா?" என்று கேட்டேன். ஆமாம். மூன்று வருடமாக தினமும் 2 மணிக்குத் திரையை இழுத்துவிட்டு அவரைப் படுக்க வைத்துக்கொண்டிருந்தோம். கோடு போட்ட வரிக்குப் பக்கத்தில், ‘ஜன்னல் பக்கம் நாற்காலியில். கேட்டுவிட்டு’ என்று எழுதினேன், அதை அவரிடம் ஒருமுறை படித்தும் காட்டினேன்.